கார்ப்பெட்டுக்கு அரப்பு போட்டவன்

எதையாவது துவைக்க நான் யோசனை சொல்ல வாயெடுத்தால், இன்றைக்கும் என் வீட்டார் குறுக்கே விழுந்து தடுப்பார்கள். நியாயம்தான். கார்ப்பெட்டுக்கு அரப்பு போட்டவன் நான். (வெளியூர்க்காரர்களுக்காக: எண்ணெய் தேய்த்த தலைக்கு நாங்கள் போட்டுக் குளிக்கும் பச்சை இலைப் பொடிதான் அரப்பு.)

போத்தனூர் வீட்டில் எங்களுக்கிருந்தது ஒரே கார்ப்பெட். பெரியப்பா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது, சந்தன நிறம். வருஷம் முழுக்கப் பரணில் சுருண்டு கிடக்கும். அக்கா கவிதாவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றதும், அம்மா அதைச் சனிக்கிழமை காலையிலேயே விரித்துவிட்டு, பலகாரம் வாங்க அப்பாவோடு காந்திபுரம் பஸ் ஏறினாள். டெய்லர் கடைக்குக் கிளம்பிய கவிதா வாசலில் நின்று சொன்னாள்: "டேய், போட்டோவுலயே அவர எனக்குப் புடிச்சுப்போச்சு. எதையாச்சும் கெடுத்துப்போடாதடா, சாமி."

சும்மா இருந்திருக்கலாம். சனிக்கிழமை ஆயிற்றே என்று தலை நிறைய நல்லெண்ணெய் வைத்தேன். ஊறட்டும் என்று டிவியில் கிரிக்கெட்டைப் போட்டு, கார்ப்பெட்டில் ஒருக்களித்துப் படுத்தேன். ஒரு விக்கெட்டுக்குத் துள்ளி எழுந்து பார்த்தால், நட்டநடுவில் என் மண்டை அளவுக்கு ஒரு கறை. காதுகூடத் தெளிவாக விழுந்திருந்தது.

அப்போது நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். (அரியர் எத்தனை என்று கேட்காதீர்கள்.) விஞ்ஞானபூர்வமாக யோசித்தேன். தலை எண்ணெயை எடுப்பது அரப்பு. இதுவும் அதே தலையின் அதே எண்ணெய். அப்புறமென்ன! கரைத்துத் தேய்த்தேன். எண்ணெய் சத்தியமாகப் போய்விட்டது. பச்சைதான் போகவில்லை, அலச அலசப் பரவியது. ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால்தானே குற்றம்? மீதிப் பொட்டலத்தையும் கரைத்து மொத்தக் கார்ப்பெட்டுக்கும் பூசி, அலசி, மாடியில் காயப்போட்டேன்.

அம்மா வந்து பார்த்துத் திகைத்தாள். "ஏன்டா, இது சந்தனக் கலருதான?"

"அது அழுக்கும்மா. இதுதான் ஒரிஜினல் கலரு."

"அட கடவுளே! இத்தன வருசமா அழுக்கையா விரிச்சுட்டிருந்தோம்?" என்று என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

மறுநாள் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது; கொண்டுவந்து கூடத்தில் விரித்தேன். உட்கார்ந்தால் அடியிலிருக்கும் தண்ணீர் மேலே வரும் என்று எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லவில்லை. பெரியவர்கள் சோபாவில் அமர, மாப்பிள்ளை வெள்ளை வேட்டியோடு கார்ப்பெட்டில் சம்மணம் போட்டார். முகம் ஒரு நொடி மாறியது.

"சௌகரியமா இருக்குதுங்களா?" என்றார் அப்பா.

"நல்லா இருக்குதுங்க."

கவிதா காபி கொடுத்தாள், பேசினார்கள், சிரித்தார்கள். அப்பா சேர் போடச் சொன்னபோதும் மாப்பிள்ளை "இருக்கட்டுங்க, பரவால்லீங்க" என்றார். முக்கால் மணி நேரம்! மாப்பிள்ளையின் அம்மா மட்டும் மூக்கை விடைத்து மோப்பம் பிடித்தார். "ஏனுங்க, அரப்பு வாசம் வருதுங்களே?"

கிளம்ப எழுந்தார் மாப்பிள்ளை. பின்பக்கம் முழுக்கப் பச்சை, சொட்டிக்கொண்டிருந்தது. கவிதா என்னைத்தான் பார்த்தாள், கண்ணில் தண்ணீர்.

"நாந்தாங்க அரப்பு போட்டேன்," என்று உளறினேன். "அக்கா மேல தப்பில்லீங்க."

"உக்காந்த ஒடனே நனைஞ்சுட்டேனுங்க," என்றார் மாப்பிள்ளை, வேட்டியைப் பிழிந்தபடி. "சொன்னா சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்."

கவிதா களுக்கென்று சிரித்துவிட்டாள். அவர் அம்மா மகனை மேலும் கீழும் பார்த்தார். "எங்கூட்டுல காபி ஆறிப்போனாலே இவன் கத்துவானுங்க. ஈரத்துல இத்தன நேரம் உக்காந்திருக்கறான்னா பொண்ணு புடிச்சுப்போச்சுன்னு அர்த்தம். தேதி பாத்துருலாமுங்க."

இப்போது அவர் என் மாமா. எங்கள் வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். போன மாதம் எனக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளைக் களையோடு வந்த என்னைக் காருக்கருகே நிறுத்தி, ஒரு பையைக் கொடுத்தார்.

"எதுக்கும் இதக் கட்டிக்க மாப்ள. அந்த ஊட்லயும் மச்சினன் ஒருத்தன் இருக்கறானாம்."

உள்ளே தேய்த்து மடித்த பச்சை வேட்டி.