பிழையில்லாமல் ஒரு வாரம்

என் மேசையை மீட்காமல் விடுவதில்லை என்று ஒரு நாள் காலை சபதம் எடுத்தேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு மேசை, அதுவும் ஜன்னலோரம். முன்பு பதிப்பகத்துக்கே போய்ப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது புத்தகங்கள் வீட்டுக்கு வருகின்றன. ஊரார் எழுதும் தப்பெல்லாம் என் சிவப்புப் பேனாவைக் கண்டால் நடுங்கும். வீட்டில் நடுங்குவது நான் மட்டும்தான்.

மேசை பறிபோனது என் மனைவிக்கு வேலை கிடைத்த அன்று. பேச்சுத் தமிழுக்கு யாரோ அகராதி போடுகிறார்களாம். கடையிலும் பஸ்ஸிலும் ஜனங்கள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி டைப் அடிக்க வேண்டும். ஓர் எழுத்தைக்கூடத் திருத்தக் கூடாது. திருத்தாமல் இருப்பதற்குச் சம்பளம் என்றால் என் வயிறு எரியுமா எரியாதா? தரையில் உட்கார்ந்து, தொடைமேல் பலகை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பழக்க தோஷம் யாரை விட்டது? அவள் குளிக்கப் போன நேரத்தில் திரையை எட்டிப் பார்த்தேன். பேரம் பேசியவரை ஒரு காய்கறிக்காரம்மா வாங்கு வாங்கு என்று வாங்கியிருந்தாள். அவள் தமிழை என்னால் பொறுக்க முடியவில்லை. உட்கார்ந்து முழுவதையும் திருத்தினேன். அந்த அம்மாள், 'ஐயா, வேண்டுமாயின் வாங்குங்கள், இன்றேல் விலகிச் செல்லுங்கள்' என்று பண்போடு பேச ஆரம்பித்தாள். மனைவி கவனிக்காமல் அதை அனுப்பிவிட்டாள். மறுநாள் வேலை மொத்தமும் திரும்பி வந்தது.

"எதுக்கு இதுல கை வச்சீங்க?"

"தப்பா இருந்துச்சு, திருத்தினேன்."

"தப்பில்ல. அந்தம்மா அப்படித்தான் பேசுனாங்க."

"அப்படிப் பேசறதே தப்புங்கறேன்."

"அப்ப நீங்க இப்ப பேசறது என்னவாம்?"

மாட்டிக்கொண்டேன். ஆனாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்ட வேண்டாமா? ஒரு வாரம் முழுக்க வீட்டுக்குள் எழுத்துத் தமிழ்தான் பேசுவேன், ஒரு பிழை வந்தாலும் மேசை உனக்கு, வராவிட்டால் எனக்கு என்று சவால் விட்டேன். அவள் உடனே சரி என்றாள். அப்புறம் பேச்சு மாறக் கூடாது பாருங்கள் என்று என் சட்டைப் பையில் ஒரு ரெக்கார்டரையும் செருகினாள். அவள் உடனே சரி சொன்னால் உஷாராக வேண்டும் என்பதை இத்தனை வருஷக் குடித்தனத்தில் நான் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

அந்த வாரம் எதிரிக்கும் வரக் கூடாது. குழாய் உடைந்து தண்ணீர் பீறிட்டபோது பிளம்பருக்குப் போன் போட்டு, 'நீர்க்குழாயில் விரிசல் ஏற்பட்டுள்ளது, விரைந்து வருக' என்றேன். ராங் நம்பர் என்று வைத்துவிட்டான். படுக்கையறை வரை வெள்ளம். கதவிடுக்கில் விரல் நசுங்கியபோது, அலறுவதற்கு முன் இலக்கணம் யோசித்து, 'அந்தோ, வலிக்கின்றது' என்றேன். மனைவி ஓடி வந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க, சரியாப் பதியல" என்றாள்.

ஆனால் வென்றேன். ஒரு பிழை இல்லை. வாரக் கடைசியில் அவளே மேசையைத் துடைத்துக் கொடுத்தாள். முகத்தில் வாட்டமே இல்லை. சிரிப்பு வேறு.

"தோத்துட்டு எதுக்குச் சிரிக்கிற?"

"உங்க பேச்சைப் பூரா ஆபீசுக்கு அனுப்பினேன். அசந்துட்டாங்க. வீட்டுக்குள்ள இப்படிப் பேசற ஆள் இதுவரைக்கும் கிடைச்சதே இல்லையாம்."

"பாத்தியா, சரியான தமிழுக்கு எங்கயும் மதிப்பு உண்டு."

"சரியா தப்பான்னு அவங்க பாக்கறதில்லைங்க. யாரு எப்படிப் பேசினாலும் எழுதி வச்சுக்குவாங்க. காய்கறிக்காரம்மா ஒரு ரகம், நீங்க ஒரு ரகம். இப்படி ஒரு ரகத்தைப் பிடிச்சுக் குடுத்ததுக்கு என் வேலையை நிரந்தரமாக்கிட்டாங்க. திங்கட்கிழமையிலேருந்து ஆபீஸ்ல எனக்குத் தனி மேசை. நான் வர சாயந்திரம் ஆயிடும், சமையலைப் பாத்துக்குங்க."

"நான் சமைக்கணும்னு எந்த விதியில இருக்கு?"

"விதி எல்லாம் இல்ல. நீங்க ஆபீஸ் போன வருஷங்கள்ல ஒரு நாளாவது சமைச்சீங்களா? இந்த வீட்ல ஆபீஸ் போறவங்க சமைக்கறதில்ல. நடக்கறதைச் சொன்னேன், அவ்வளவுதான்."

இப்போது மேசை முழுக்க முழுக்க என்னுடையது. வெங்காயம் நறுக்க வசதியாகத்தான் இருக்கிறது.