கட்டிலை விட்டு இறங்காதீங்க சார்

சின்ன சிஸ்டர் உள்ளே வந்து, கையைக் கழுவி, சிரித்த முகத்தோடு "உங்க பேரு, பிறந்த தேதி சொல்லுங்க சார்" என்று கேட்டாள். கட்டிலில் படுத்திருந்தவர் சொன்ன பேர், அவள் கையிலிருந்த சீட்டில் இல்லை.

நர்ஸ் உரிமத்துக்கான செய்முறைத் தேர்வு அது. அவளுக்கு மூன்றாவது தடவை. அதற்கு மேல் எழுத விடமாட்டார்கள். முதல் தடவை கை கழுவாமல் நோயாளியைத் தொட்டு ஃபெயில். இரண்டாம் தடவை தோல் உரியக் கழுவிவிட்டு, பேர் கேட்க மறந்து ஃபெயில். அன்றிலிருந்து வீட்டில் புருஷனிடம் பேரும் பிறந்த தேதியும் கேட்டுவிட்டுத்தான் காபி டம்ளரையே நீட்டுவாள். அந்த நல்ல மனுஷனும் அலுத்துக்கொள்ளாமல் தினம் இரண்டு வேளை சொல்லிவந்தார். இதுவும் போனால், ஐந்து வருஷமாக வார்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'சின்ன சிஸ்டர்' என்ற பேரோடு உதவியாளாகவே காலம் தள்ள வேண்டியதுதான்.

தேர்வுக்காகக் கொடுத்த நோயாளிச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ஐம்பத்திரண்டு வயது ஆண், எழுந்தால் தலைசுற்றல், நேற்று ஒரு முறை கீழே விழுந்திருக்கிறார். அவர் மணிக்கட்டுப் பட்டையிலும் சீட்டில் இருந்த அதே பேர், அதே எண்.

"பட்டையில வேற பேர் இருக்கே சார்."

"அதை எவனோ கட்டிட்டுப் போயிட்டாம்மா. நான் நோயாளி இல்லை, தேர்வு நடத்த வந்தவன். தலை சுத்துச்சு, அஞ்சு நிமிஷம் படுத்தேன்."

மூலையில் பேடும் பேனாவுமாக நின்றிருந்த பழுப்புச் சட்டைக்காரர் சட்டென்று எதையோ எழுதினார். தேர்வாளர் அவர்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த உர்ரென்ற முகத்துக்கு வேறு என்ன வேலை கொடுக்க முடியும்? ஆக, கட்டிலில் இருப்பவருக்கு மனக்குழப்பம். அப்படிப்பட்டவரோடு வாதாடக் கூடாது. ஆள், இடம், நாள் மூன்றையும் பக்குவமாக நினைவுபடுத்த வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தாள்.

"இது எந்த இடம்னு சொல்லுங்க சார்."

"பரீட்சை ஹால்."

சீட்டின்படி இது ஆஸ்பத்திரி வார்டு. ஆனால் பரீட்சை ஹால் என்பதும் பொய் இல்லையே. சரி என்றும் போட முடியாமல், தப்பு என்றும் போட முடியாமல் பாதி சரி என்று குறித்துக்கொண்டாள். கிழமையை அவர் டாணென்று சொன்னார். பழுப்புச் சட்டைக்காரர் மறுபடியும் எழுதினார்.

எதையோ விட்டுவிட்டோம் என்று அவளுக்குப் பதறியது. அவர் இறங்கக் காலைத் தூக்கவும், கட்டிலின் பக்கக் கம்பியை மேலே ஏற்றிப் பூட்டினாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபப்படும் நோயாளியிடம் பேச வேண்டிய தணிந்த குரலில், "உங்களுக்குக் கோபம் வர்றது எனக்குப் புரியுது சார்" என்றாள்.

"அது உங்க புத்தகத்துல நாற்பதாம் பக்கம். எனக்கும் தெரியும்" என்றவர், தான் யாரென்று காட்டக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு இருக்க வேண்டும்? மூன்றரையிலிருந்து ஐந்து என்றாள். இரண்டு வகை இன்சுலினை ஒரே ஊசியில் கலந்து எடுத்தால் எது முதலில்? தெளிந்தது முதலில், கலங்கலானது அப்புறம் என்றாள். நோயாளி கேட்கக் கேட்கத் தான் கைகட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அந்த நேரம் பார்த்துப் பழுப்புச் சட்டைக்காரர் அருகில் வந்து, குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்.

"கொஞ்சம் நகருங்க சிஸ்டர், கட்டில் நம்பர் எழுதணும். நாற்காலி, மேஜை எல்லாம் எண்ணியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

எழுதிக்கொண்டு போயே போய்விட்டார். இப்போது அறையில் இரண்டே பேர். அதில் ஒருத்தி பரீட்சை எழுத வந்தவள்.

அவளுக்குத் தலையில் இடி விழுந்தது. மார்க் போட வந்த மனுஷனைக் கம்பிக்குள் பூட்டி, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டிருக்கிறாள்.

"இப்பவாவது புரிஞ்சுதா? கம்பியை இறக்கு. உன் மார்க்கைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. அதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தார். கை அப்படியே நின்றது. சீட்டில் எழுதியது கதையாக இருக்கலாம். தேர்வாளருக்கே வந்த தலைசுற்றல் கதை இல்லையே. இப்படி எழுந்து, விழுந்து, இடுப்பு உடைந்தவர்களை அவள் வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. மார்க் போனால் வீட்டுக்குப் போய் அழுதுகொள்ளலாம்.

"சார், நீங்க தேர்வாளராவே இருங்க. என்னை ஃபெயிலே போடுங்க. ஆனா தலை சுத்துற ஆளைத் தனியா நான் இறக்கி விடமாட்டேன். துணைக்கு ஆள் வர்ற வரைக்கும் படுங்க."

அழைப்பு மணியை அழுத்திவிட்டு, அவர் தோளை அணைத்துப் படுக்க வைத்தாள். ஐந்து வருஷக் கனவு இந்தக் கம்பியோடு முடிந்தது என்று நினைக்கும்போது கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அவர் கையை விடவில்லை.

மணிச் சத்தம் கேட்டு டீத் தட்டோடு உள்ளே வந்த ஆயா, ஏற்றியிருந்த கம்பியையும் உள்ளே படுத்திருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னண்ணே, காலையிலேருந்து நோயாளி வேஷத்துல படுத்துக்கிட்டு 'நான்தான் தேர்வு நடத்த வந்தவன்'னு நீங்க நடிச்சதை நம்பி இறக்கிவிட்ட ஆறு பேரும் ஃபெயிலாகி வீட்டுக்குப் போயாச்சு, இந்தப் பொண்ணு மட்டும் எப்படி உங்களைப் படுக்க வச்சுது?"