கேத வீட்டில் ராட்சத உடும்பு

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டிவிக்கென்றே மலிவாக எடுக்கப்படும் ராட்சத மிருகப் படங்கள் என்றால் எனக்கு உயிர். ஞாயிறு மத்தியானம் தமிழ் டப்பிங்கில் வருமே, அவைதான். ராட்சதப் பாம்பு, ராட்சத நண்டு, இரண்டு தலைச் சுறா, எதையும் விட்டதில்லை. ஊரே அழியும், ஓடுவது மட்டும் அதே ஆறு பேர். (சட்டையை மாற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாக இன்னொரு தடவை ஓடுவார்கள்.) பெரிய படங்களைப் பார்த்தால் வாயைப் பிளக்கத்தான் முடியும். இவற்றைப் பார்த்தால் 'இதை நானே எடுத்திருப்பேனே' என்று ஒரு தெம்பு வரும்.

இது நடந்தபோது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியில் சூப்பர்வைசர். மல்லாங்கிணற்றில் இருந்த என் மனைவி செல்வியின் சித்தப்பா திடீரென்று இறந்துபோனார். தீபாவளி சீசன் என்பதால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. (உண்மையில், லீவு கேட்கப் பயம்.) ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை இருவரும் கேதம் கேட்கப் போனோம்.

பஸ்ஸிலேயே செல்வி எச்சரித்தாள். "ஏங்க, எங்க ஆளுக எல்லாரும் உங்களத்தான் பாத்துக்கிட்டு இருப்பாக. அங்கன வந்து ஏடாகூடமா எதுவும் பேசிராதீக."

நான் பேசவில்லைதான்.

கூடத்தில் மாலை போட்ட போட்டோ. அதன் கீழே பாயில், அழுது சிவந்த கண்களோடு இறந்தவரின் மனைவி, எனக்குச் சின்னத்தை. புது மாப்பிள்ளை என்று நடுவில் நாற்காலி போட்டார்கள். அதற்கு நேர் எதிரே ஓர் அறை. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பிள்ளைகள் சத்தத்தைக் குறைத்து வைத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராட்சத உடும்பு! நான் பார்க்காமல் விட்டுப்போன ஒரே படம்.

போட்டோவையே பார்க்க வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். கண் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர், நெஞ்சுவலி எப்படி வந்தது என்று விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அடடா" என்றேன். அந்த அடடா, உடும்பு முழுங்கிய விஞ்ஞானிக்கு.

கடைசியில் ராணுவம் ஏவுகணையை விட்டது. நான் பட்டாசோடு பிழைக்கிறவன். அது ஏவுகணையே இல்லை. படுக்கவைத்த புஸ்வாணம். அதுவும் நமுத்துப்போனது! புஸ்ஸென்று கொஞ்சம் புகை வந்ததும், அவ்வளவு பெரிய உடும்பு பொத்தென்று மல்லாந்தது.

சிரிப்பு வந்துவிட்டது. கர்ச்சீப்பை முகத்தில் அமுக்கிக்கொண்டு குனிந்தேன். தோள் குலுங்கியது. மூக்கு வழியாக ஏதோ ஒரு சத்தம்.

சின்னத்தை எழுந்து வந்து என் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டார். "பழகுனது நாலு மாசம். அதுக்கே இந்தப் புள்ள எம்புட்டுப் பாசம் வச்சிருக்கு பாருங்க!" என்று கதறினார். பெண்கள் எல்லோரும் சேர்ந்து அழுதார்கள். அவர்கள் அழ அழ, எனக்கு இன்னும் குலுங்கியது.

அறைக்குள்ளிருந்து செல்வியின் அண்ணன் மகள் எட்டிப் பார்த்தாள். "மாமா அழல. உடும்பு செத்துப் போச்சுன்னு சிரிக்காக."

அழுகை நின்றது. என் தலையிலிருந்த கை மெல்ல விலகியது. சின்னத்தை டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"படம் முடிஞ்சிருச்சுன்னா வந்து சாப்பிடுங்க மாப்ளே."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவரே இலை போட்டுப் பரிமாறினார். "மன்னிச்சிருங்க அத்தை" என்பது வாய்வரை வந்து, சோற்றோடு உள்ளே போய்விட்டது. திரும்பி வரும்போது செல்வி வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

இன்றும் அந்தப் பக்கம் எந்தக் கேதத்துக்குப் போனாலும், வாசலில் என் தலை தெரிந்ததுமே உள்ளே குரல் கேட்கும்: "மாப்ள வாராக, டிவியப் போத்துங்க!" போன வருஷம் ஒரு வீட்டில் கரண்டே இல்லை. அப்படியும் பெட்ஷீட்டைப் போர்த்தினார்கள். போர்த்தியவர் சின்னத்தைதான். போர்த்திவிட்டு என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

நான் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.