குஷன் பாய் கண்ணை மூடினால்தான் வண்டி

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் தகரக் கொட்டகை போட்டு, ஒற்றை லேத்தோடு கிரைண்டர் கம்பெனி ஆரம்பித்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் எருமையோடு போய்விட்டேன். கரண்ட் இல்லாத நாளில் உளியும் சுத்தியலும் எடுத்துக் கையாலேயே கல் கொத்தினேன். இன்றைக்கு அவிநாசி ரோட்டில் என் கல்லில் மாவு ஆட்டாத ஓட்டல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், நானே நேரில் போய் ஏன் என்று கேட்கிறேன். இரண்டு மாடி வீடு கட்டினேன். கிணத்துக்கடவுப் பக்கம் எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்தேன். மகனைப் படிக்க வைத்தேன். அவனைவிட அதிகம் படித்த மருமகளைக் கொண்டுவந்தேன். எல்லாம் விழித்திருந்து செய்தது.

தூங்கியே பேர் வாங்கிய மனிதர் இந்தக் கொங்கு நாட்டில் ஒரே ஒருவர்தான். அவர் குஷன் பாய்.

உக்கடத்தில் பழைய கடை. வண்டி சீட்டுக்கு மெத்தை தைப்பது தொழில். ஆனால் டேப் எடுத்து அளந்து நான் பார்த்ததே இல்லை. வண்டி வந்து நின்றால் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, "எடுங்க" என்பார். வண்டி ஓட வேண்டும். அவர் தூங்க வேண்டும். தூங்கிவிட்டால் சீட்டு நல்ல சீட்டு. தூக்கம் எங்கே கலைகிறதோ அங்கே பிழை. இடுப்பில் கலைந்ததா, கழுத்தில் கலைந்ததா என்று பார்த்து அந்த இடத்தில் கத்தரியை வைப்பார்.

ஒரு முறை டாக்டர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். டவுன்ஹால் சிக்னல் தாண்டுவதற்குள் பாயின் தலை தொங்கிவிட்டது. டாக்டர் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டி, பின்னால் ஓடிவந்து கையைப் பிடித்து நாடி பார்த்தார். பாய் கண்ணையே திறக்கவில்லை.

"நாடி நல்லாத்தானுங்க இருக்குது. சீட்டும் நல்லாத்தான் இருக்குது. வண்டிய எடுங்க டாக்டர்."

இன்னொரு முறை புதுப் பஸ் ஒன்றின் கடைசி சீட்டில் தூங்கிப்போனார். டிரைவருக்கு அது தெரியாது. கல்யாண வீட்டு வாசலில் போய்ப் பஸ்ஸை நிறுத்தி, கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பழநிக்குக் கிளம்பிவிட்டார். பாய் கண் விழித்தது உடுமலையில். இறங்கி வந்தாரா? பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு சாயங்காலம் திரும்பி வந்து பஸ் முதலாளியிடம் சொன்னார்: "கடைசி சீட்டு தேறுதுங்க. அதுக்கு முன் சீட்டு தேறாது. மாப்பிள்ளையோட சித்தப்பா உடுமலையிலிருந்து பழநி வரைக்கும் நெளிஞ்சுட்டே வந்தாருங்க."

இப்படிப்பட்ட ஆளிடம் நான் போய் நின்றது என் மனைவி சரசுவின் முதுகால்.

சரசுவுக்கு முதுகுத்தண்டில் தட்டு விலகி மூன்று வருஷம். வீட்டுக்குள் நடப்பாள், சமைப்பாள், என்னைத் திட்டுவாள், ஒன்றும் குறைவில்லை. வண்டியில் உட்கார்ந்தால்தான் வலி. மகன் செந்திலின் காரில் ஏறுவது கிணற்றுக்குள் இறங்குவது போல. எழுந்து வர இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். என் பழைய லோடு வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சென்னிமலையில் அவளுடைய அக்கா இருக்கிறார். நடக்க முடியாதவர், அவரும் இங்கே வர முடியாது. அக்காளும் தங்கையும் மூன்று வருஷமாகப் போனில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். போனை வைத்த பிறகு சரசு கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவுவாள். அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வண்டி மாற்றுவது என்று முடிவு செய்தேன். வாசலில் ஒரு வண்டிக்குத்தான் இடம், செந்தில் காரைத் தெருமுனையில்தான் விடுகிறான். அதுவே கிரைண்டர் ஏற்ற வேண்டும், தோப்பிலிருந்து தேங்காய் கொண்டுவர வேண்டும், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், சரசுவைச் சென்னிமலைக்குக் கூட்டிப்போக வேண்டும். முன்னால் நாலு கதவும் இரண்டு வரிசை சீட்டும், பின்னால் திறந்த தொட்டியும் உள்ள பிக்கப்தான் இதற்கு வழி என்று எனக்கு உடனே பட்டது. என் மூளை அப்படி.

வீட்டில் சிரித்தார்கள். "கோயிலுக்கு லோடு வண்டியிலயா போறது?" என்றான் செந்தில். "எங்களையும் பின்னால அடுக்கிக் கயிறு கட்டிப் போடுவீங்களாப்பா?"

மருமகள் கவிதா மட்டும் நிதானமாகக் கேட்டாள்: "நம்ம வீதியில திரும்புமாங்க மாமா?"

நான் காதில் வாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவும் பூக் கேட்காமல் செய்வதில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம்; வெள்ளை வந்தால் சாமி சம்மதம். ஷோரூமில் இருந்ததிலேயே உயரமான, எமனின் எருமை போல நின்ற கறுப்பு வண்டியை மனதில் நினைத்துக்கொண்டு கேட்டேன். வெள்ளைப் பூ வந்தது. சாமியே சொல்லிவிட்டது. அன்றைக்கே வண்டியைச் சொல்லி வைத்துவிட்டு, ஓட்டிப் பார்க்கிற வண்டியை வீட்டுக்கு வரவழைத்தேன்.

அது எங்கள் வீதியில் திரும்பவில்லை. கவிதா வீதியையும் என்னையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஸ்டூல் எடுக்க உள்ளே போனாள். சரசுவை மெயின் ரோடு வரை நடத்திக் கூட்டிப்போய், ஸ்டூல் போட்டு ஏற்றினோம். பின் சீட்டின் முதுகு சுவர் மாதிரி நேராக நின்றது. முதல் வேகத்தடையில் வண்டி குதித்தது. இரண்டாவதில் சரசு என் தோளைத் தட்டினாள்.

"நிறுத்துங்க."

இறங்கினாள். எதிரே வந்த ஆட்டோவைக் கை காட்டினாள். "நீங்க உங்க வண்டியில வாங்க. நான் ஊட்டுக்குப் போறேன்."

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தாள். "இனி நான் வரமாட்டேன்னு வச்சுக்க அக்கா" என்று சொன்னது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. காலையில் எழுந்து நேராக உக்கடம் போனேன்.

குஷன் பாய் என்னைக் கல்லுக்காரர் என்றுதான் கூப்பிடுவார். நடந்ததைச் சொன்னேன். வெள்ளைப் பூ வந்ததை அழுத்திச் சொன்னேன். ஊசியில் நூல் கோத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங் கல்லுக்காரரே, சாமிகிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"இந்த வண்டிய வாங்கலாமான்னு."

"வாங்கலாம்னு சாமி சொல்லிருச்சு. அதுல உக்காரலாமான்னு சரசக்காகிட்ட கேட்டீங்களா?"

நாற்பது வருஷத் தொழிலில் என்னை அப்படி யாரும் மடக்கியதில்லை.

"சாமி சரியாத்தானுங்க சொல்லிருக்குது. கேள்விதான் ஆள் மாறிப் போயிருச்சு. நாளைக்கு மத்தியானம் வாரேன். சாப்பிட்டுட்டுத்தான் வருவேன். பசியோட வேலை பார்க்க மாட்டேன்."

மறுநாள் வயிறு நிறையப் பிரியாணியோடு ஷோரூமுக்கு வந்தார். விற்பனைப் பையன் டை கட்டிக்கொண்டு, திரை எத்தனை அங்குலம், காமிரா எத்தனை பக்கம் என்று ஒப்பித்தான். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இதெல்லாம் முன்னால உக்கார்றவருக்கு. பின்னால உக்கார்றவங்களுக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்றார். பையன் யோசித்துவிட்டு, "கப் வைக்க இடம் இருக்குங்க சார்" என்றான்.

கறுப்பு வண்டியில் சுற்றி வந்தோம். பாயின் கண் சிமிட்டக்கூட இல்லை. "இது சீட்டு இல்லீங்க. கோர்ட்டுக் கூண்டு" என்று இறங்கிவிட்டார். அடுத்து நடுத்தர அளவில் ஒரு வெள்ளை வண்டி. தரையிலிருந்து ஏற ஒரே படி. பின் சீட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தது. கால் நீட்ட இடம் இருந்தது. ஏறியதும் பாயின் இமை இறங்கியது. வேகத்தடை வந்தது, வண்டி பின்னால் தூக்கிப் போட்டது, பாய் விழித்துக்கொண்டார்.

"தம்பி, பின்னால தொட்டியில என்ன இருக்குது?"

"காலிங்க சார். டெஸ்ட் டிரைவ் எப்பவும் காலியாத்தான் போவோம்."

"சுமக்கறதுக்குன்னு பொறந்த வண்டிய வெறும் முதுகோட ஓட்டினா குதிக்காம என்ன செய்யும்? அடியில பட்டை பட்டையா இருக்குதே வில்லு, அது கனத்துக்குத்தான் பணியும்." என் பக்கம் திரும்பினார். "கல்லுக்காரரே, உங்க கல்லு எதுக்கு இருக்குது?"

அந்த நொடியில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் ஓட்டல் கிரைண்டர் கல் ஆறு வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் தூக்குகிற கனம். ஷோரூம் மேனேஜர் ஓடிவந்தார்.

"சார், இது டெஸ்ட் டிரைவ் வண்டி. கீறல் விழுந்திரும்."

"சாக்கு போட்டுத்தானுங்க வைக்கறோம்" என்றேன் நான். "உங்க வண்டி லோடு தூக்குமா தூக்காதா? அதை மட்டும் சொல்லுங்க."

தூக்காது என்று எந்த மேனேஜர் சொல்வார்?

பின் சக்கரத்துக்கு மேலாக ஆறு கல்லையும் அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கினோம். பொள்ளாச்சி ரோட்டில் விட்டேன். சுந்தராபுரத்தில் பாய் கண்ணை மூடினார். அதே மாதிரி வேகத்தடைகள், வண்டி படகு மாதிரி ஏறி இறங்கியது. ஈச்சனாரியில் குறட்டை கேட்டது. பக்கத்தில் இருந்த விற்பனைப் பையன், "திரும்பிரலாங்களா சார்?" என்றான். குறட்டை விட்ட மனிதரை எழுப்பினால் சோதனை கெட்டுப்போகும் என்று சொல்லி நான் கிணத்துக்கடவு வரை போய், என் தோப்பையும் பையனுக்குக் காட்டிவிட்டுத்தான் திரும்பினேன். ஷோரூம் வாசலில் பாய் தானாக எழுந்து துண்டை உதறினார்.

"இதை எடுங்க."

எடுத்தோம். எங்கள் வீதியில் அது ஒரே வளைப்பில் திரும்பியது. அதோடு பாய் விடவில்லை. சரசுவை உட்கார வைத்து, இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கவிதாவின் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். நாலு விரல் போனது. அந்த நாலு விரலுக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். பஞ்சை வெட்டுவதும் வைப்பதும், சரசுவைக் கூப்பிடுவதும், மறுபடி பிரிப்பதுமாக ஐந்து தடவை. ஆறாவது தடவை சாய்ந்து உட்கார்ந்த சரசு எழுந்திருக்கவே இல்லை. பாய் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டார்.

சென்னிமலைக்குக் கிளம்பியபோது பாய் முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சரசு பின்னால், மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி. மூன்று வருஷமாக அவள் எந்த வண்டியிலும் அப்படித்தான் உட்காருவாள். அவிநாசி தாண்டியும் நான் வேகம் எடுக்கவில்லை. லாரியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது. பாய் அன்று தூங்கவே இல்லை. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் கண்ணாடியில் சரசுவையே பார்த்துக்கொண்டு வந்தார். வாழ்நாளில் அவர் விழித்துக்கொண்டே போன ஒரே பயணம் அதுவாகத்தான் இருக்கும்.

பெருந்துறை வந்தது. "அம்மணி, முதுகு எப்படி இருக்குது?" என்று கேட்டேன். பதில் இல்லை. வலியில் வாயடைத்துவிட்டது என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டப் போனேன். பாய் என் கையைப் பிடித்தார்.

"பேசாதீங்க" என்றார், குரலே எழும்பாமல். "திரும்பிப் பாருங்க."

கைப்பிடி சும்மா ஆடிக்கொண்டிருந்தது. சரசுவின் இரண்டு கையும் மடியில் கிடந்தன. தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் எழுப்பக் கூடாது என்று பாய் சொல்லிவிட்டார். இரண்டு கிழவர்களும் வாசலில் வாயைத் திறக்காமல் நின்றோம். நடக்க முடியாத அக்கா, கைத்தடியும் சுவருமாகப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார். வண்டிக் கதவைத் திறந்து, "ஏங் கண்ணு, இங்க வந்து தூங்கறதுக்கா இத்தனை வருஷமாச்சு?" என்றார். சரசு கண்ணை விழித்து அக்காவைப் பார்த்தாள். அதற்கப்புறம் அங்கே எங்களுக்கு வேலை இல்லை. நானும் பாயும் டீக்கடைக்குப் போய்விட்டோம்.

இப்போது மாதம் ஒரு முறை சென்னிமலை. வாரம் முழுக்க கிரைண்டரும் தேங்காயும் பள்ளிக்கூடமும் அதே வண்டியில்தான். தெருவில் யார் கேட்டாலும் சரசு, "பாய் குடுத்த சீட்டுங்க" என்கிறாள். அன்றைக்குச் சிரித்த செந்தில், இந்த வண்டியைப் போனில் தேடி முதலில் சொன்னவன் தான்தான் என்கிறான். பூசாரி பூவைச் சொல்கிறார். மேனேஜர் வண்டியைச் சொல்கிறார். எல்லோரும் சொல்லட்டும். ஆனால் லோடு இல்லாத நாளில் வண்டி குதிக்காமல் போவது இன்றைக்கும் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் என் ஆறு கல்லால். அதை ஒருவரும் சொல்வதில்லை. பாயிடமே நேரில் கேட்டேன்.

"கல்லு உங்களதுதானுங்க" என்றார். "யாரு இல்லைன்னா?"

"பின்னே அதைச் சொன்னா என்னங்க?"

"உங்களுக்கு முன்னால நான் சொல்றதுக்கு எப்பங்க நேரம் குடுத்தீங்க?"

அதனால் ஸ்டிக்கர் கடையில் எழுதச் சொல்லிவிட்டேன். வண்டியின் பின் கதவில், ஊரே பார்க்கிற மாதிரி: கல் – கல்லுக்காரர். சீட்டு – குஷன் பாய். கடைக்காரர் இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் ஒட்டட்டுமா என்று கேட்டார். கூடாது என்றேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். என் பேர் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில்.