நாக்கில் ஒட்டும் பல்

எங்கள் தெருவில் ஒருவர், வீட்டுக்கு வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றுவதற்குள் நாக்கை நீட்டச் சொல்கிறாராம். முடிவெட்டுகிறவர் சொன்னதாக மாடிவீட்டு அம்மாள் சொன்னார். பாதிதான் உண்மை. உட்காரவைத்த பிறகுதான் நீட்டச் சொல்வார்.

இந்த இனத்துக்குப் பல் சேகரிப்பாளர் என்று பெயர். எல்லாப் பல்லும் ஆகாது. கல்லாகிப்போன டைனோசர் பல், அதிலும் இலைதழை தின்ற டைனோசரின் பல்தான் வேண்டும். "கூரா இருந்தா எவன் வேணா வாங்குவான். தேஞ்சதைப் பாக்கத்தான் கண்ணு வேணும்" என்று பூதக்கண்ணாடியை உங்கள் கையில் திணித்து, அது எந்த இலையை மென்றது, எந்தப் பக்கமாக மென்றது, மெல்லும்போது என்ன மனநிலையில் இருந்தது என்பதுவரை விளக்குவார்; உங்கள் டீ ஆறிப்போகும். சாக்ஸ் இருந்த இழுப்பறையில் இப்போது பற்கள் பஞ்சு மெத்தையில் படுத்திருக்கின்றன. மனைவிக்கு ஆறு மாதமாகக் கடைவாய்ப் பல் வலி. அதற்கு வைக்கப் பஞ்சு கிடையாது.

இருப்பதிலேயே பெரிய பல், கட்டைவிரல் பருமன், நாளை ஒரு விழாவில் நூலகத்துக் கண்ணாடிப் பெட்டியில் அவர் பெயரோடு ஏறுகிறது. அசல்தானா? அதற்கு அவரிடம் ஒரே சோதனைதான். உடைந்த அடிப்பக்கத்தை நாக்கில் வைக்க வேண்டும். வெறும் கல் ஒட்டாது, இது ஒட்டும். இதுவரை நாற்பது நாக்குகள் சாட்சி.

போன வாரம் மனைவியின் தம்பி வந்தார். வீடுகளுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுகிறவர். நாக்கில் வைத்தார். ஒட்டியது.

"பாத்தியா மாப்ள!"

"ஒட்டுது மச்சான். ஆனா எங்க பிளாஸ்டரும் இப்படியேதான் ஒட்டும்."

"பிளாஸ்டரை நீ எதுக்குடா நக்குன?"

"நீங்க பல்லை நக்கலையா?"

மனைவி விடவில்லை. மறுநாளே அருங்காட்சியகத்தில் பல்லைக் காட்டி, அடியில் சுரண்டிய தூளைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பார்த்துவிட்டு இன்று கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து நம்மவர் சோற்றை மெல்லுவதில்லை; விழுங்குகிறார்.

இதோ, போன் அடிக்கிறது.

"என்னங்க, அவங்கதான். எடுங்க."

"கை ஈரமா இருக்கு."

"துடைச்சிட்டு எடுங்க."

"நாளைக்கு விழா முடியட்டுமே..."

நீங்களாக இருந்தால் முதல் மணியிலேயே எடுத்திருப்பீர்கள், இல்லையா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும், ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறீர்களே உங்கள் பொக்கிஷம், அது எதுவானாலும் சரி, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கூப்பிடும்போது உங்கள் கை எவ்வளவு ஈரம் என்று தெரியும்.

இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.