சூறையானின் தாய்மாமன்

ராசிபுரம்

மதிப்பிற்குரிய அறிவழகன் அண்ணனுக்குத் தங்கை தனப்பிரியா எழுதுவது.

ஊரே உறங்கும் இந்நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மகள் யாழிசை தூங்கினால்தான் எனக்குக் கை காலியாகிறது. போனில் பேசினால் கட்டாயம் கத்துவேன், கத்தினால் அவள் எழுந்துகொள்வாள், அதனால்தான் இந்த மின்னஞ்சல். இங்கே நானும் அவரும் அத்தையும் சுகம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்கக் குலசாமி துணை நிற்கட்டும். சுகத்தை இத்துடன் நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கதைக் குழுவில் இருந்த 'சூறையான்' படத்தைப் போன பொங்கலுக்குப் பார்த்தோம். பெரியப்பா மகன் எழுதிய படம் என்று தெரு முழுக்கச் சொல்லி எங்களையெல்லாம் கூட்டிப் போனது என் தம்பி தமிழரசுதான். யாழிசை அவன் மடியில் உட்கார்ந்துதான் பார்த்தாள், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இந்த மாதிரிப் படங்களுக்கு விரோதி அல்ல. சூறையான் ஏற்காடு மலையைச் சுற்றிப் பறந்தபோது நானும்தான் விசிலடித்தேன், அத்தை முறைத்துப் பார்க்கும்வரை அடித்தேன். ஆனால் சித்திரை வெயிலில் சேலம் பஸ் ஸ்டாண்டுக்குள் கழுத்துவரை ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு ஓடுகிறவனுக்கு ஒரு சொட்டு வேர்வைகூட வராதா, சண்டையெல்லாம் ஏன் கரண்ட் போன வீட்டுக்குள் நடப்பதுபோல இருட்டாக இருக்கிறது, கதாநாயகி இன்ஜினியரிங் படித்தவள் என்று சொல்லிவிட்டு மாடியிலிருந்து விழுவதைத் தவிர வேறு வேலை ஏன் கொடுக்கவில்லை, நானும் இன்ஜினியரிங் படித்தவள், நான் எங்கேயும் விழவில்லை. இதெல்லாம்கூடப் போகட்டும். வாயைத் திறந்து காற்றை விழுங்கினால் பலம் வரும் என்று காட்டினீர்களே, அதன் பிறகு என் மகள் ராசிபுரத்திலிருந்து சேலம் வரைக்கும் பஸ் ஜன்னலில் வாயைப் பிளந்துகொண்டே வந்தாள், இருமல் பிடித்து அஸ்தம்பட்டி டாக்டரிடம் ஓடினோம், அவர் "என்ன சாப்புட்ட பாப்பா" என்று கேட்க இவள் "காத்து" என்றாள், அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, இந்தப் படத்த எழுதுன ஆளு யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, ஊசி போடணும்" என்றார். நீங்கள் என் அண்ணன் என்று நான் சொல்லவில்லை. அந்த நன்றியாவது உங்களுக்கு இருக்க வேண்டும்.

இனிதான் உண்மையான புகார். ஊரில் இத்தனை பேர் இருக்க, வில்லனாக ஒரு தாய்மாமன்தானா கிடைத்தான்? அதுவும் காதுகுத்தின்போது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தோட்டுக்குள் சிவப்பு லைட் எரிகிற சிப் ஒன்றை ஒளித்து வைத்துக் குத்தி, அந்தக் குழந்தை வளர்ந்து மாமன் சொன்னபடியெல்லாம் ஆடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கத்து ஆள்தான் இப்படி எழுத முடியும். அதனால்தான் எனக்குக் கோபம்.

வைகாசியில் மல்லசமுத்திரம் பக்கத்தில் எங்கள் குலசாமி கோயிலில் யாழிசைக்குக் காதுகுத்து வைத்தோம். தமிழரசு முதல்முறையாக மாமன் ஆனவன், சீர்த்தட்டை ஊர் மெச்ச அடுக்கிக்கொண்டு, புது வேட்டி சரசரக்க வந்து உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். "மாமன் மடியில வந்து ஒக்காரு சாமி" என்று இவன் கையை நீட்டினான். யாழிசை இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"மாட்டேன். மாமா சிப்பு வெச்சுருவாரு."

"சிப்புன்னா என்னுங்க" என்று ஒரு பெரியவர் கேட்டார், அவ்வளவுதான், பந்தலிலிருந்த அத்தனை பிள்ளைகளும் படம் பார்த்தவை, எல்லாம் சேர்ந்து அவருக்குக் கதை சொல்லத் தொடங்கின, அடுத்ததாகக் குத்த வேண்டிய இரட்டைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டன, ஆசாரி பாவம், நல்லது செய்வதாக நினைத்து, "தம்பி, அந்தத் தோட்டைத்தான் கொஞ்சம் காட்டீருங்களே, ஒண்ணுமில்லீன்னு புள்ள பாத்துக்கட்டும்" என்றார். இவன் காட்டினான். ஆசையாகச் சிவப்புக் கல் வைத்து வாங்கியிருந்தான். வெயில் பட்டு அது மின்னியது. "லைட்டு எரியுது" என்று என் மகள் போட்ட சத்தத்தில் பூசாரியே மணியை நிறுத்திவிட்டார்.

என் வீட்டுக்காரர் சமாதானமாக, "சரி, நான் மடியில வெச்சுக்கறேன்" என்றார். அதற்கு அத்தை, "மாமன் குத்துக்கல்லாட்ட இருக்கையில அப்பன் மடியா? ஏன் தீனதயாளா, ஊருல தல நிமிந்து நடக்க வேண்டாமா" என்று மகனை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, "கெடா வெட்டியாச்சு, சோறு ஆக்கியாச்சு, காது மட்டும் குத்தல. உங்க ஊட்டுப் பக்கம் இப்படித்தான் விசேசம் பண்ணுவீங்களா கண்ணு" என்றார். படத்தை எழுதியதும் எங்கள் வீட்டுப் பக்கம்தானே.

கொண்டுவந்த சீர் அப்படியே திரும்பிப் போனது. சீர் திரும்பினால் உறவே திரும்பிப் போனதாக நம் சனம் பேசும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தமிழரசு கை நனைக்காமல் வண்டியேறினான். "நான் அவளுக்கு என்னக்கா கெடுதல் செஞ்சேன்" என்று மட்டும் கேட்டான். அதன்பின் ஐப்பசி வந்துவிட்டது, இந்த வீட்டுப் படியை அவன் மிதிக்கவில்லை.

காதுகுத்தை மறுபடி தை மாதத்துக்கு வைத்திருக்கிறோம். இரண்டாம் பாகம் பொங்கலுக்கு வருகிறது என்று போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே அண்ணா, அந்த மாமனை நல்லவனாக்குங்கள். சிப்பை வைத்தது மாமன் வேடத்தில் வந்த வேறு எவனோ என்று சொல்லுங்கள். கடைசி சண்டையில் உயிரைக் கொடுத்துத் தியாகியானார் என்று மட்டும் முடித்துவிடாதீர்கள், செத்த மாமன் மடி எனக்கு எதற்கு, ஆள் உயிரோடு திருந்த வேண்டும். காற்றையும் இனி மூக்கால் இழுக்கட்டும். ஷூட்டிங் முடிந்துவிட்டது என்று கதை சொல்லாதீர்கள், டப்பிங்கில் எத்தனையோ மாற்றுகிறார்கள், எனக்குத் தெரியும். இல்லையென்றால் முறைப்படி அடுத்த மாமன் நீங்கள்தான், பந்தலில் நீங்கள் வந்து உட்காருங்கள், சிப்பை எழுதியவர் யார் என்று அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. குலசாமி உங்கள் பேனாவுக்கு நல்ல புத்தியும் உங்களுக்கு நீண்ட ஆயுளும் தரட்டும்.

உங்கள் தங்கை,
தனப்பிரியா

பி.கு: அனுப்புவதற்குள் தூங்கிவிட்டேன். விடிந்து பார்த்தால் தமிழரசு வாசலில் நிற்கிறான். உள்ளே வந்து யாழிசை முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்தச் சிவப்புக் கல் தோட்டை அவள் கையில் கொடுத்தான். "மொதல்ல நீ எனக்குச் சிப்பு வெய்யி சாமி. அப்பறம் நீ சொல்றதத்தான் நான் கேக்கணும்." சின்ன வயதில் குத்திய ஓட்டை அவன் காதில் இன்னும் இருக்கிறது, அவள் மாட்டிவிட்டாள். எழுந்திரு என்றாள், எழுந்தான். குதி என்றாள், குதித்தான். அப்பாயியைத் திட்டு என்றாள். அவன் அத்தையைப் பார்த்தான், அத்தை அவனைப் பார்த்தார். "சிப்பு வேல செய்யல" என்று இவள் முகம் சுருங்கியதும், "ஏனுங் அத்த, உங்க காப்பில சக்கரையே இல்லீங்க" என்று முனகினான். அத்தை சிரித்துவிட்டார். யாழிசை தானாகவே அவன் மடியில் ஏறி உட்கார்ந்து அடுத்த உத்தரவை யோசிக்கத் தொடங்கினாள். தையில் மாமா அதே தோட்டோடு வந்தால் குத்திக்கொள்வாளாம்.

எனவே மேலே எழுதியது எதையும் படத்தில் சேர்க்க வேண்டாம். மாமன் கெட்டவனாகவே இருக்கட்டும், இன்னும் கெட்டுப்போனாலும் சரி. சிப் மட்டும் உடையக் கூடாது. இரண்டாம் பாகத்தில் அது கடைசிவரை வேலை செய்கிறதா என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.