அரசன் உருவிய வால்

கரும்பலகையில் 'அரசன் வாலை உருவினான்' என்று எழுதியிருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அச்சகத்தை இழுத்து மூடும்வரை பதினெட்டு வருஷம் பிழை திருத்தியவர். போன மாதம் இறந்துபோன அவர் மனைவிதான் இந்த வகுப்பின் டீச்சர். அவளுடைய குடையையும் பையையும் வாங்கிப் போக வந்திருந்தார். வீட்டில் பாலை நிறுத்தியாயிற்று. மீன் தொட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. இதையும் முடித்துவிட்டால் உலகத்தில் அவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்றும் பாக்கியில்லை.

"அஞ்சு நிமிஷம் இதுங்களைப் பாத்துக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை எங்கோ ஓடிவிட்டார்.

பொறுக்க முடியாமல் எழுந்து, 'லை'யை அழித்து 'ளை' போட்டார்.

"வால் குரங்குக்கு. வாள்தான் அரசனுக்கு. நாக்கை மடிச்சுச் சொல்லுங்க."

முப்பது நாக்குகள் மடிந்தன. மடிந்தவை நிமிரவேயில்லை. நோட்டுகளில் 'மாமாவுக்குப் பள் வளி' என்றும், 'குரங்குக்கு நீண்ட வாள்' என்றும் வந்தது.

"குரங்கு கையிலயே வாளைக் கொடுத்துட்டீங்களா!"

மணி அடித்தது. குடையை மறந்துவிட்டு, நோட்டுகளைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் சிவப்பு மையோடு வந்தார். ளகரத்தை நிமிர்த்தினால் ரகரம் சாய்ந்தது. 'கிளிக்கு இறை போட்டேன்.'

"கடவுளையா தூக்கிக் கிளிக்குப் போட்டே?"

மூன்றாம் வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். நாலு நோட்டைப் புரட்டியதும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"வரப்போற டீச்சர் சின்னப் பொண்ணு. இதுங்ககிட்ட மாட்டினா அழுதுடும். வேற பள்ளிக்கு அனுப்பிடறேன், இவரே இருக்கட்டும். சார், ஆசிரியர் பயிற்சி முடிச்சிருக்கீங்களா?"

"சேந்துடறேன்" என்றார் அவர், தலை நிமிராமல். ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது.

மாலையில் படித்துப் பயிற்சியை முடித்தார். வருஷக் கடைசியில் வேலை நிரந்தரமானது. உத்தரவை வகுப்பில் படித்துக் காட்டினார். அதற்கடுத்த வாரம் தேர்வு. முப்பது விடைத்தாளிலும் சிவப்பு மைக்கு வேலையே இல்லை. ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

அவருக்கு ரத்தம் கொதித்தது. "யாரைப் பாத்து எழுதினீங்க? உண்மையைச் சொல்லுங்க!"

வகுப்பு தலை குனிந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ரெட்டைப் பின்னல்காரி ஒருத்தி எழுந்தாள்.

"எங்களுக்கு எல்லாம் முதல்லேர்ந்தே சரியா எழுதத் தெரியும் சார். டீச்சர்தான் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப சொல்லிட்டுப் போனாங்க, 'எங்க வீட்டுக்காரர் இங்க வருவாரு. தப்பு இருக்கிற இடத்தை விட்டு அவரால எழுந்து போக முடியாது. அவருக்குன்னு ஒரு வேலை நிலைக்கிற வரைக்கும் யாரும் சரியா எழுதிடாதீங்க'ன்னு."